அந்த ஸ்டியரிங்கை யார் செய்தது

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், என் முழங்கால் நோவும் அவர் சர்க்கரையும் கூடவே இருக்கின்றன, இதற்குமேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்கவேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு. பேத்திக்கு இருமல் நின்றதா? மருந்தைக் கொடுத்தவுடனே படுக்கப் போடாதே, கொஞ்ச நேரம் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக் கொடு, உனக்கு அப்படித்தான் செய்வேன். மாப்பிள்ளைக்கு வேலையில் ஏதோ மாற்றம் என்றாயே, அது என்ன ஆயிற்று என்று எழுது. போன வாரம் நீ போனில் அந்த ஸ்டியரிங் விஷயத்தைக் கேட்டதும் பட்டென்று வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பா எதிரே உட்கார்ந்து பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காதை மட்டும் என் பக்கம் நீட்டியிருந்தார், பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. அவர் முன்னால் பேச வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அந்தப் பழைய இரண்டு கதவு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய உன் அண்ணன் போனவன் போனவன்தான், ஒன்பது வருஷம் ஆகிறது. ஆளைத் தேடி அலுத்தபிறகு அப்பா வண்டியைத் தேட ஆரம்பித்தார். வண்டி எங்கேயாவது ஓடிக்கொண்டிருந்தால் அதை ஓட்டுகிறவன் அவன்தான், உயிர் இருக்கிறவரை அதை இன்னொருத்தன் கையில் கொடுக்கமாட்டான், இதுதான் அவர் கணக்கு. எனக்கும் வேறு கணக்கு கிடையாது. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கிவந்து, சோறு தண்ணி மறந்து, ஒவ்வொரு சாமானாகத் தேடி நிறுத்தின வண்டி அல்லவா. ஆனால் அந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு, வண்டியை உடைத்துப் போட்டிருந்தால் பிள்ளையும் இல்லை என்றுதானே அர்த்தம். அதை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த வண்டி நின்ற ஷெட்டை இத்தனை வருஷமும் காலியாகத்தான் வைத்திருந்தார். மாடியில் குடியிருக்கிற டீச்சர் ஒரு சின்ன கார் வாங்கித் தெருவில் வெயிலில் நிறுத்திக்கொண்டிருந்தாள், இடம் சும்மாதானே சார் கிடக்கு என்று அவரிடம் கேட்டுப் பார்த்தாள். பெரியவன் வந்தா எங்கம்மா நிறுத்துவான் என்று இவர் திருப்பிக் கேட்டார். பாவம், அவள் படியேறிப் போய்விட்டாள்.

வண்டியின் போட்டோவை அப்பா சுற்றுவட்டாரத்தில் ஒரு பழைய இரும்புக் கடை பாக்கியில்லாமல் கொடுத்து வைத்திருந்தார், வண்டிக்கு உள்ளே எடுத்தது உட்பட. அந்த ஸ்டியரிங் வண்டியோடு வந்தது இல்லை என்பது உனக்கு நினைவிருக்கும். ஓட்டுகிறவர்கள் ஆசைப்பட்டு மாற்றி மாட்டிக்கொள்வதற்கென்றே அந்தக் காலத்தில் தனித்தனிக் கம்பெனிகள் செய்து விற்றனவாம், அதில் ஒன்று. மூன்று கம்பி, கறுப்புத் தோல், நடுவில் ஹாரன் பட்டன், பட்டனில் சிறகை விரித்த பறவை. அவன் எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்தபோது தோல் நார்நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் வேலை பார்த்த சீட் கவர் கடையிலிருந்து ஒரு துண்டுத் தோல் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். நூலுக்கு மெழுகு தேய்த்தது நீ. தேய்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் இதெல்லாம் செய்யமாட்டே என்று முணுமுணுத்ததும் நீதான்.

போன மாதம் ஒரு இரும்புக் கடைக்காரர் சாக்குப் பையோடு வந்து நின்றார். லோடுல வந்துச்சு சார், மூணு கம்பியைப் பார்த்ததும் உங்க ஞாபகம் வந்துச்சு, என்று ஒரு ஸ்டியரிங்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். அப்பாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தவர் திடீரென்று சத்தமாகச் சிரித்தார். பட்டனில் பறவை இல்லை, நட்சத்திரம். நட்சத்திரம்யா இது, என் பிள்ளையுது பறவை, வேற கம்பெனி, என்று அந்த மனிதர் தோளைத் தட்டி உட்காரவைத்து, டீ போடு என்று எனக்கு உத்தரவு வேறு. அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று. டீயைக் கொடுத்துவிட்டு அந்தச் சாமானை ஓரமாக வைக்கலாம் என்று நான் கையில் எடுத்தேன். எடுத்ததும் தெரிந்துவிட்டது. என் தையல் எனக்குத் தெரியாதா? நான் இடது கைக்காரி, நான் போடுகிற தையல் மற்றவர்கள் தையலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும், அதற்காகக் கடையில் வாங்காத பேச்சா. கட்டைவிரல் படுகிற இடத்தில் தோல் பத்தாமல் ஒட்டுப் போட்டிருந்தேன், அந்த ஒட்டும் அங்கேயே இருந்தது. அடிப்பக்கம் மட்டும் நூல் அறுந்து தோல் பிரிந்திருந்தது. கடைக்காரர் போகட்டும் என்று காத்திருந்து அப்பாவிடம் சொன்னேன். ஊர்ல நீ ஒருத்திதான் ஊசி பிடிச்சவளா, கண்ணு முன்னாடி நட்சத்திரம் இருக்கு, தையலாம் தையல், என்று கத்தினார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான் உன் அப்பாவுக்கு. நானும் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். பேசியிருக்க வேண்டாம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் அவரே வந்து, கிளம்பு, உன் வாயை அடைக்கிறேன், என்றார்.

பழைய ஸ்டியரிங்குகளையே வாங்கிப் பழுதுபார்த்து விற்கிற ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், எது யார் செய்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாராம். இரண்டு பஸ் மாறிப் போனோம். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்துக் கண்டக்டர், பெரியவரே, டிரைவர் சீட் முன்னாடி இருக்கு, என்றான். பஸ்ஸே சிரித்தது. இவரும் சிரித்தார், நட்சத்திரம் கொடுத்த தெம்பு. அந்த ஸ்டியரிங்காரர் வீடு ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இருக்கிறது. உள்ளே போனால் சுவர் முழுக்க ஸ்டியரிங், மரம் போட்டது, தோல் போட்டது, தட்டு மாதிரி சின்னது, தாம்பாளம் மாதிரி பெரியது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார், மரியாதையான மனுஷர். அப்பா போட்டோவையும் சாமானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது நட்சத்திரம், அது பறவை, ரெண்டும் வேறதானே, அதை என் சம்சாரத்துக்குச் சொல்லுங்க போதும், என்றார். அவர் கட்டைவிரலால் பட்டனை நெம்பினார், டப்பென்று கையோடு வந்துவிட்டது. மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார், உள்ளே அத்தனையும் ஹாரன் பட்டன். பட்டனை நம்பாதீங்க சார், முதல்ல காணாமப் போறது இதுதான், விக்கிறவன் கையில கிடைச்சதைப் போட்டு வித்துடுவான், என்றார். சொல்லிக்கொண்டே டிராயரிலிருந்து ஒரு பறவையை எடுத்து அழுத்தினார். அதுவும் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் கவிழ்த்துப்போட்டுப் பார்த்தார். நடுவில் ஆறு போல்ட் துளை. ரெண்டு கம்பெனிக்குமே ஆறுதான், ஆனா நட்சத்திரக் கம்பெனியில வட்டம் கொஞ்சம் அகலம், என்று அளவு வைத்துக் காட்டினார். நம்முடையது அகலம் குறைவு. பார்த்தாயா, நம்முடையது என்றே எழுதுகிறேன். கம்பியின் பின்பக்கத் துருவில் எண்ணெய்த் துணியை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார், அப்பா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். துரு தேயாமல் இருக்கக்கூடாதா என்று எனக்கு இருந்தது. தேய்ந்தது. குட்டியாக ஒரு பறவை. இதுதான் அசல் முத்திரை, இதை யாரும் மாத்த முடியாது, பறவைக் கம்பெனிதான், என்றார் அவர். கீழே பல் ராவுகிற மிஷின் சத்தம் கேட்டது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கம்பெனி இந்த மாதிரி ஆயிரக்கணக்குல செஞ்சிருக்கும் இல்ல, என்றார். எத்தனையோ ஆயிரம் சார், என்றார் அவர். ஆயிரக்கணக்குல, என்று அப்பா என்னைப் பார்த்து ஒருதரம் சொல்லிக்கொண்டார், போன மூச்சு திரும்பிவந்த மாதிரி இருந்தது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அந்த மனிதர், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆனா இது கம்பெனித் தோல் இல்ல சார், யாரோ வீட்ல உக்காந்து தைச்சிருக்காங்க, நல்ல கை, இடது கைக்காரங்க, என்றார். அப்போது நான் தண்ணீர் டம்ளரை இடது கையில் பிடித்திருந்தேன். அப்பா என் கையைப் பார்த்தார். நான் மெதுவாக டம்ளரை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், தெரியும், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு வேறென்ன செய்யச் சொல்கிறாய்.

திரும்பி வரும்போது சாமானைச் சாக்குக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டார். பாதி வழியில், இடது கைக்காரங்க நிறையப் பேர் இருப்பாங்க, என்றார். ஆமா, இருப்பாங்க, என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் இரும்புக் கடைக்குப் போய் அது எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டார். எங்கெங்கேயோ உடைத்ததையெல்லாம் ஒன்றாகக் கொட்டி வந்த லோடு, அனுப்பினவனுக்கே தெரியாது என்று கையை விரித்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார், ஸ்டியரிங்கை வைத்து என்ன செய்வது, நம்பர் போட்ட சாமான் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நீ அங்கே இருந்துகொண்டு கம்ப்யூட்டரில் தேடுகிறேன், அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறேன் என்று கிளம்பாதே. கம்பெனி மூடி எத்தனையோ காலம் ஆகிறதாம். இருந்தாலும் என்ன சொல்லிவிடுவார்கள், செய்தது அவர்கள் என்று சொல்வார்கள். ஓட்டினது யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

நேற்றுக் காலை நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து அதை என் மடியில் வைத்தார். பக்கத்தில் என் பழைய ஊசி டப்பா, கறுப்பு நூல், மெழுகுக் கட்டி. அடிப்பக்கம் பிரிஞ்சிருக்கு, தைச்சுடு, என்றார். எதிரே உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்தார். பழைய துளைகள் அப்படியே இருந்தன, ஊசி தானாகப் போயிற்று. கண்தான் மறைத்துக்கொண்டே இருந்தது, அழுதேன், மறைப்பானேன். முடித்ததும் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டைவிரலை வைத்துத் தையலோடு போனார். பழசு எங்கே முடிகிறது புதுசு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடினார். தெரியவில்லை. இன்னொரு தடவை தேடினார். அப்புறம் அதை அண்ணன் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார், சாப்பாடு போடு என்றார். சாப்பிட்டார்.

போன் பண்ணும்போது நீயாக இதைக் கேட்காதே, அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே, போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல், எனக்கு அது போதும். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல், வீட்டைவிட்டுப் போனவர்கள் வேளைக்குத் திரும்பி வந்து, ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு நிறைவாக இருங்கள், அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேத்தியின் உச்சியில் எனக்காக ஒரு முத்தம் வை.

மறக்காமல் ஒன்று. லீவில் வரும்போது டாக்ஸியை எப்போதும்போல உள்ளே விடச் சொல்லாதே, தெருவிலேயே நிறுத்தி இறங்கிக்கொள்ளுங்கள். ஷெட்டில் இப்போது மாடி வீட்டு டீச்சரின் கார் நிற்கிறது. அப்பாவேதான் நேற்றுச் சாயங்காலம் படியேறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா