மாமாவின் துப்பாக்கியும் புதுத் தோட்டாவும்

அத்தை,

இன்று காலை பெருமாள் புறப்பாட்டுக்கு வேட்டு போட்டார்கள். சின்னக் காஞ்சிபுரத்துக்குக் குடிவந்து மூன்று வருடமாகியும் அது எனக்குப் பழகவில்லை. சத்தத்தையாவது தாங்கிக்கொள்கிறேன். அது அடங்கியபின் ஜன்னல் வழியாக வரும் கருமருந்து வாசனையைத்தான் தாங்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

மாகறலுக்கு நான் மருமகளாக வந்தபோது உங்களுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மாமா தவறி இரண்டு வருடம். உங்கள் பிள்ளைக்குச் சென்னையில் தொழிற்சாலை வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நீங்களும் நானும்தான். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு அந்த வீட்டின் அமைதி பயமாக இருந்தது. அதைவிட நீங்கள் பயமாக இருந்தீர்கள். வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் ஆம்பிளைகளைக் கூப்பிட மாட்டீர்கள். மாமாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு விடியற்காலையில் நீங்களே போவீர்கள். பயிர்க்காவலுக்கான லைசென்ஸ் உங்கள் பெயருக்கு மாறியிருந்தது.

அது மாமாவின் தாத்தா காலத்துத் துப்பாக்கி. ஒருநாள் நீங்கள் எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது பக்கத்தில் போய்ப் பார்த்தேன். குழல் முழுக்க அலை அலையாகக் கோடுகள். “இன்னாடி அப்படிப் பாக்கற? புடவை டிசைனா?” என்றீர்கள். உண்மையில் அப்படித்தான் இருந்தது.

மாமா பித்தளைத் தோட்டாக்களில் கருமருந்தை அவரே அளந்து அடைப்பாராம். அவை தீர்ந்துபோனதும், உங்கள் தம்பி சென்னையிலிருந்து சிவப்புக் காகிதத் தோட்டா இரண்டு பெட்டி வாங்கி வந்தார். “அதே பன்னெண்டாம் நம்பர்தான்க்கா, உள்ள கச்சிதமா உக்காருது பாரு” என்று போட்டும் காட்டினார். கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை உங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். வலது தோள் கன்றிக் கறுத்திருந்தது. கன்னத்தில் மிளகு தெறித்ததுபோலத் தீப்புள்ளிகள். “இது இன்னா அத்தை?” என்றேன். “புது மருந்து, கொஞ்சம் உதைக்குது. உன் வேலையைப் பாரு” என்றீர்கள். கொல்லையில் கிடந்த வெறும் தோட்டா ஒன்றை அன்று எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை அம்மாவைப் பார்க்கப் பெரிய காஞ்சிபுரம் போனேன். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், கடைத்தெருவில் துப்பாக்கி பழுது பார்க்கும் பாயிடம் போய் அந்தத் தோட்டாவைக் கொடுத்தேன். குழலின் கோடுகளையும் சொன்னேன். அவர் தோட்டாவின் வாயை விரலால் தடவிப் பார்த்தார். ஓரம் பிய்ந்து நைந்திருந்தது.

“யாரும்மா சுடறது?”

“எங்க மாமியார்.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். “அது ஒரே இரும்பு இல்லம்மா. பட்டை பட்டையா முறுக்கி, சுத்தி, காய்ச்சி ஒட்டினது. கருமருந்துக்குன்னு செஞ்சது. புது மருந்தோட வேகத்தை அது தாங்கறதுக்கில்ல. அந்தக் காலத்துத் துப்பாக்கியில தோட்டா உக்கார்ற அறையும் குட்டை. போடும்போது சரியாத்தான் உக்காரும். வெடிச்சா வாய் விரிஞ்சு நீளும், விரிய எடம் இருக்காது. அழுத்தம் எங்க போவும் சொல்லு?”

“இதுவரைக்கும் இருபது தடவை சுட்டிருப்பாங்க, ஒண்ணும் ஆவலயே.”

“இருபது தாங்கிச்சுன்னா இருபத்தொண்ணு தாங்கும்னு இல்லம்மா. ஒவ்வொரு வெடிக்கும் உள்ள ஒட்டு கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கினே வரும். வெளிய தெரியாது.”

கோர்வை சரியில்லாத புடவையில் உடலும் கரையும் சேருமிடம் எப்படி விட்டுப்போகும் என்று நெசவாளி மகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது உங்கள் இடது கை என் கண்முன் தெரிந்துகொண்டே இருந்தது. குழலைத் தாங்கிப் பிடிக்கும் கை.

விடியற்காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் நீங்கள் கொல்லைப் பக்கம் போயிருந்தீர்கள். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. வயிற்றில் குழந்தை துள்ளியது. நீங்கள் வாசலில் வந்து நிற்கும்வரை அங்கிருந்து நகரவில்லை. வந்ததும், “இன்னும் காப்பி போடலயா?” என்றீர்கள். நான் காப்பி போட்டேன்.

மறுநாள் காலையில் தயாராக இருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். உங்கள் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றி டவுனில் போய் அந்நிய ஆளிடம் கேட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை விடியும்போது நீங்கள் கிளம்பினீர்கள். செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடி வந்தேன். வரப்பில் உங்கள் இடதுபுறம் ஒட்டி நின்றேன்.

“இங்க இன்னாடி வேலை உனக்கு? போ உள்ள. வயித்துப்புள்ளைக்காரி நிக்கிற எடமா இது?”

“நீங்க சுடுங்க அத்தை. நான் இங்கயே நிக்கிறேன்.”

“தள்ளிப் போடி!”

“ஒண்ணும் ஆவாதுன்னா நான் நின்னா இன்னா?”

நீங்கள் துப்பாக்கியைத் தாழ்த்தினீர்கள். அப்போதுதான் பாய் சொன்னதையெல்லாம் அழுதுகொண்டே கொட்டினேன். “அவரை எப்பப் பாத்த?” என்று கேட்டீர்கள். “நேத்து” என்றேன். நேற்று நான் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியாதா? இருந்தும் மேலே கேட்கவில்லை.

கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்து துப்பாக்கியைப் பனைமரத்தோடு இறுக்கிக் கட்டினீர்கள். விசையில் இன்னொரு மெல்லிய கயிற்றைச் சுருக்குப் போட்டு, அதன் மறுமுனையை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுவந்தீர்கள். இழுத்தீர்கள். வெடித்தது. போய்ப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. இரண்டாவதும் அப்படியே. என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

மூன்றாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. தகரத்தைக் கிழித்ததுபோல. கொட்டகைக் கூரையில் என்னவோ மோதி விழுந்தது.

இடது குழல் வாழைப்பூ மடல்போல் விரிந்து கிடந்தது. குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் கட்டையைக் காணோம். பனைமரத்தில் ஒரு துண்டு இரும்பு விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. நீங்கள் அந்தப் பிளவுக்குப் பக்கத்தில் இடது உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள். அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டீர்கள். மூன்று நாள் உங்களுக்கு நான்தான் சோறு பிசைந்து கொடுத்தேன்.

அந்த வருடம் பாதிக் கடலை பன்றிக்குப் போயிற்று. தகர டின்னைத் தட்டிக்கொண்டு பரண்மேல் உட்கார்ந்திருந்தோம். பிளந்த துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போகும் வழியில், பழைய துப்பாக்கி வைத்திருந்த இரண்டு வீடுகளில் அதைப் பிரித்துக் காட்டினீர்கள். ஒருவர் அன்றே பாயிடம் கொண்டுபோனார். மற்றவர், பெரிய வீட்டுக்காரர், “பொம்பளை கையில குடுத்தா அப்படித்தான்” என்று சிரித்தார். அவர் அதே புதுத் தோட்டாவைப் போட்டு எத்தனையோ வருடம் சுட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயம்.

போன வருடம் படுக்கையில் இருந்தபோது நீங்களாகவே சொன்னீர்கள்: “ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கினுதான்டி சுட்டேன். தோள் நோவுதே, இது சரியில்லன்னு எனக்கே தெரியும். நீ வந்து பக்கத்துல நின்ன பாரு, அப்பாடான்னு இருந்துச்சு. தெரிஞ்ச மறுநாளே வந்து சொன்னியே.”

உங்கள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே வந்து சொல்லவில்லை, அத்தை. பாயைப் பார்த்தது திங்கட்கிழமை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, நான்கு நாள் உங்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நாளில் நீங்கள் ஆறு தடவை சுட்டீர்கள். ஆறையும் அடுப்படியில் நின்று கேட்டேன்.