கிளாங் போன கொசுறு

ஜூன் 9, 2025, திங்கள். திண்டிவனம்

மலேசியாவில் கிளாங் துறைமுகத்தில் எங்கள் சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தகவல் சொன்னது வெண்ணிலா, தொலைபேசியில், காலை. சென்னையில் இருக்கும் ஏற்றுமதி முகவர் சகாயராஜிடம் கேட்டேன்; அவரும் உறுதி செய்தார். காரணம் இருவருக்கும் தெரியவில்லை.

சரக்கு என்பது வறுத்து உப்புப் போட்ட மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அரைக் கிலோ பாக்கெட், இருபது பாக்கெட் ஒரு அட்டைப்பெட்டி. எங்கள் சரக்கு என்று எழுதிவிட்டேன். வெண்ணிலாவின் சரக்கு. கம்பெனி அவள் பெயரில், உழைப்பும் அவளுடையது. நான் அவள் புருஷன், ஓய்வு பெற்ற நிருபர், அவள் கிடங்குக்குப் பின்னால் உள்ள வீட்டில் குடியிருப்பவன். வெளிநாட்டுக்கு இதுதான் முதல் லோடு. சரக்கை முறையாக ஒப்படைத்துவிட்டு, அந்த ஊர்க் கடைகளையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பத்து நாளில் திரும்பியிருக்க வேண்டும். மூன்றாவது வாரம் நடக்கிறது.

சோறு மிஞ்சிவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் இரண்டு பேருக்கு வடித்துப் பழக்கம். ஒருவனுக்கு எவ்வளவு அரிசி என்பது இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

புதிய தகவல் இல்லை.

ஜூன் 11, புதன்

காரணம் தெரிந்தது. எடை. அட்டைப்பெட்டியின் மேல் பத்துக் கிலோ என்று அச்சடித்திருக்கிறது. அங்கே தராசில் வைத்தால் அரைக் கிலோவுக்கு மேல் கூடுதல். ஒன்றிரண்டு பெட்டியில் அல்ல, பிரித்துப் பார்த்த எல்லாப் பெட்டியிலும். கணக்கில் காட்டாத சரக்கு என்கிறது அந்த ஊர்ச் சுங்கம்.

"கடத்தல்காரிய பாக்குற மாதிரி பாக்குறாங்க என்னை," என்றாள் வெண்ணிலா. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நம்ம தராசுல கோளாறான்னு பாருங்க. ஜல்தியா."

படிக்கல் வைத்துப் பார்த்தேன். தராசில் கோளாறு இல்லை.

பிறகு பாக்கெட் போடும் இடத்தில் ஓரமாக நின்றேன். முப்பத்தைந்து வருஷம் நான் செய்த வேலையே அதுதான், ஓரமாக நின்று பார்ப்பது. வேலைக்காரப் பெண்களில் மூத்தவரான கெங்கம்மாள் மல்லாட்டை அள்ளிய தட்டைத் தராசில் வைக்கிறார். ஐநூறு காட்டியதும் எடுத்துப் பாக்கெட்டில் கொட்டுகிறார். அவருடைய இடது கை பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி மேலே போடுகிறது. அதற்குப் பிறகுதான் வாயை ஒட்டுகிறார். அந்தக் கையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாப் பெண்களும் அப்படியே.

"இது எதுக்கும்மா?"

"எது சார்?"

"கடைசியா ஒரு பிடி போட்டீங்களே."

"அதுவா? கொசுறு. சந்தையில வித்த நாள்லருந்து போட்டுக்கினுதான் இருக்கோம். வெண்ணிலாம்மாவே போடுவாங்களே."

"கிளாங் போன சரக்குலயும் போட்டீங்களா?"

"போடாம? அதுல கொஞ்சம் பெரிய பிடியாவே போட்டோம். மொத மொத கடல் தாண்டிப் போவுது. அளந்து மட்டும் அனுப்புனா நம்மள இன்னா நெனப்பாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். கெங்கம்மாள் கூடையைக் காலால் தள்ளி வைத்தார். "கொறைச்சாத்தான சார் கேஸு? கூடக் குடுத்தாலும் கேஸா? இன்னா பேஜாரு புடிச்ச ஊரு அது!"

ஜூன் 12, வியாழன்

வெண்ணிலாவிடம் சொன்னேன்.

"நான் பழக்கினதுதாங்க அது," என்றாள். "கெங்கம்மாவைத் திட்டிடாதீங்க."

வாங்குபவர் பெயர் லிம். கிளாங்கில் மொத்த வியாபாரம் செய்யும் சீனர். அவர் கோபப்படவில்லையாம், குழம்பிப்போயிருக்கிறார். நான் வாங்காததை எனக்கு எதற்கு அனுப்பினீர்கள் என்று மட்டும் கேட்கிறாராம்.

"அவருக்கு இன்னான்னு சொல்லிப் புரிய வைக்கிறதுங்க?"

எனக்கும் தெரியவில்லை. தராசு சரியானது என்பதற்கு அரசு முத்திரைச் சான்று வேண்டும், அதை வாங்கி அனுப்புங்கள் என்றாள். அது என்னால் முடியும்.

ஜூன் 16, திங்கள். விழுப்புரம் போய் வந்தேன்

எடையளவு அலுவலகத்தில் சான்றின் நகல் கிடைத்தது. கொடுத்த பெண்மணி என் பெயரை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். நான் நிருபராக இருந்த இதே ஊரில் பேருந்தில் ஏறினால் நடத்துநர் எழுந்து இடம் காட்டிய காலம் உண்டு. குறையாகச் சொல்லவில்லை, குறித்து வைக்கிறேன். வெண்ணிலாவின் தொழிலுக்காகத் திண்டிவனம் வந்து நாலு வருஷம் ஆகிறது. ஊர் அதன் வேலையைப் பார்க்கிறது.

நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடை அரங்கநாதனுக்கு மட்டும் முகம் மறக்கவில்லை. "வாங்க சார்! இன்னா சார் நியூஸு?"

ஒன்றுமில்லை என்றேன். என் மனைவி வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், வீட்டில் நான் ஒருவன்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் அதற்குள் காணை கிராமத்து பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களுக்கு டீ ஆற்றப் போய்விட்டார்.

திரும்பும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது.

ஜூன் 17, செவ்வாய்

இனி பாக்கெட்டில் ஒரு பருப்புகூடக் கூடுதலாகப் போகக் கூடாது. தராசுப் பக்கத்தில் நாற்காலி போட்டு நானே உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்துக் கூடையைத் தொடாமல் வேலை செய்தார்கள். எனக்கே சங்கடமாக இருந்தது.

வேலை முடிந்து போகும்போது கெங்கம்மாள் நான் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளின் மேல் ஒரு பிடி மல்லாட்டையை வைத்தார். "கை சும்மா இருக்க மாட்டேங்குது சார். நீங்களாவது துன்னுங்க."

ஜூன் 20, வெள்ளி

சரக்கு விடுவிக்கப்பட்டது. எல்லாப் பெட்டியையும் மறுபடி எடை போட்டு, திருத்திய காகிதம் கொடுத்து, அபராதமும் கட்டியாயிற்று. ஆதாரம்: வெண்ணிலா. சகாயராஜும் உறுதி செய்தார்.

இத்தோடு அவள் கிளம்பிவிடுவாள் என்று நான் எண்ணியிருந்தேன். அது என் எண்ணம், தகவல் அல்ல. தகவல் வேறு. லிம்முக்குச் சரக்கு பிடித்திருக்கிறது. ஆனால் வறுப்பதையும் பாக்கெட் போடுவதையும் அங்கேயே இயந்திரத்தில் செய்ய வேண்டும் என்கிறார். பச்சைப் பருப்பு மட்டும் இங்கே பொறுக்கி மூட்டையாகப் போகும். அந்தப் பட்டறை பாதி அவருடையது, பாதி வெண்ணிலாவுடையது. சிங்கப்பூர்க் கடைகளுக்கும் அங்கிருந்தே கொடுக்கலாம். நிபந்தனை ஒன்று: இரண்டு வருஷம் அவள் அங்கே இருந்து நடத்த வேண்டும்.

"நீங்க இன்னா சொல்றீங்க?"

"சாதகம் என்ன, பாதகம் என்னன்னு பார்த்து நீயே முடிவு பண்ணு."

"நிருபர் மாதிரி பேசாதீங்க. நான் உங்கள கேட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வைத்துவிட்டாள். 26ஆம் தேதி கையெழுத்தாம்.

ஜூன் 21, சனி

இன்னான்னு சொல்றது? வேணாம்னு சொல்றதா? சந்தையில சாக்கு விரிச்சு ஆரம்பிச்சவ. இன்னைக்குக் கடல் தாண்டி ஒருத்தன் பாதிப் பங்கு தரேங்கறான். நான் குறுக்க விழறதா? — போன்னு சொன்னா? இரண்டு வருஷம் இந்த வீட்டில், வறுக்கும் வாசனையும் இல்லாமல் — போ என்று சொல்லிவிட்டு அதைத் தாங்குவேன் என்று யார் உறுதி செய்தது?

கருத்துச் சொல்லாமல் இருப்பதை நேர்மை என்றே பழகிவிட்டேன். வீட்டில் அதற்கு வேறு பெயர் போலிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மழை. மல்லாட்டை டப்பா பாதி நிறைந்துவிட்டது. கெங்கம்மாளிடமிருந்து தினமும் ஒரு பிடி வருகிறது. தனியாகத் தின்னப் பிடிக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

வெண்ணிலாவுக்கு அனுப்பிய செய்தி, அப்படியே:

"தராசுச் சான்று சகாயராஜிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த லோடுக்குப் பருப்பு பொறுக்கியாகிவிட்டது. எடை சரியாக இருக்கிறது. கெங்கம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். பொறுக்கும் வேலை இருக்கும் என்றால் எல்லாரும் சம்மதம். கையெழுத்து உன் முடிவு, போடுவதுதான் சரி என்பது என் கருத்து. நீ இல்லாமல் வீட்டில் இருக்க முடியவில்லை. அங்கே எனக்கு இடம் இருந்தால் நான் வருகிறேன்."

கடைசி இரண்டு வாக்கியத்தை இரண்டு முறை அழித்தேன். மூன்றாவது முறை பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

படித்துவிட்டாள். பதில் இல்லை.

ஜூன் 25, புதன்

பதில் வந்தது. "நான் கேக்காததும் சேத்து அனுப்பிருக்கீங்க. எடுத்துக்கினேன். பாஸ்போர்ட்டுக்கு இன்னைக்கே எழுதிப் போடுங்க. இங்க வீடு சின்னது, ஜன்னலத் தொறந்தா பஸ் ஸ்டாண்டு. உங்களுக்குப் புடிக்கும்."

ஜூன் 27, வெள்ளி

ஒப்பந்தம் நேற்றுக் கையெழுத்தானது. ஆதாரம்: வெண்ணிலா அனுப்பிய படம். லிம் குள்ளமான மனிதர். கையில் எங்கள் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தின்கிறார்.

கெங்கம்மாளிடம் படத்தைக் காட்டினேன். "இவருதானா வாணாம்னது? நல்லாத்தான துன்றாரு!" என்றார். பாக்கெட் போட அங்கே இயந்திரம் வருவது உறுதியாகிவிட்டது என்றேன். தன் இடது கையைத் திரும்பிப் பார்த்தார். "மிஷினுன்னா சரிதான் சார். அதுக்குக் கை இல்ல." நான் போன பிறகு கிடங்குச் சாவி அவரிடம் இருக்கும். வெண்ணிலா மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பாள்.

ஜூலை 4, வெள்ளி

பாஸ்போர்ட் விண்ணப்பம் விழுப்புரத்தில் ஏற்கப்பட்டது. மீதி இருப்பது போலீஸ் விசாரணை. திங்கட்கிழமை வருவதாகத் திண்டிவனம் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். நான் இந்த முகவரியில்தான் குடியிருக்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். விழுப்புரமாக இருந்தால் ஒரு தெருவையே கூட்டி வந்திருப்பேன்.

அடுத்த தெருவில் இருக்கும் கெங்கம்மாள் ஒருவர், கேட்டதுமே சரி என்றுவிட்டார். இரண்டாவது ஆளுக்காகச் சாயங்காலம் தெருவில் இறங்கி நின்றேன். எதிர்வீட்டு மனிதர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாகப் பார்க்கிறேன், பெயர் தெரியாது. நாளை டப்பாவிலிருந்து கொஞ்சம் மல்லாட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.