மிதக்காத உடம்பு

ஏப்ரல் 6, திங்கள்

விடியும்போதே புழுக்கம். இவர் பனியன் நனைந்து எழுந்தார். எனக்கு விரல் நுனியெல்லாம் சில்லென்று.

எடை 78.4. அறுவைச் சிகிச்சைக்கு முன் 117. குறித்துக்கொண்டேன். வேறொன்றும் தோன்றவில்லை.

இன்று:
– புரதப் பொடி (வெனிலா வேண்டாம், குமட்டுகிறது)
– இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விட வேண்டும்
– நீச்சல்

நீச்சலை ஆறு வாரத்திலேயே தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழு மாதம் ஆகிவிட்டது. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்த காயம் எப்போதோ ஆறிவிட்டது. இன்றுதான் முதல் தரம் போனேன்.

வேலப்பன்சாவடி குளம். பெண்களுக்குத் திங்கள், புதன், சனி, கா. 6.30 முதல் 7.30 வரை. வானகரத்திலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். வாசலில் கையெழுத்து வாங்கும் செல்வியக்காவுக்கு என்னைத் தெரியவில்லை. புதிதாகச் சேர ஃபாரம் எழுத வேண்டும் என்றார். ஆறு வருடம் பார்த்த முகம். உமா என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னாம்மா, பாதி ஆளக் காணோம்."

சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம்.

பழைய நீச்சல் உடைதான். உள்ளே தண்ணீர் புகுந்து பை மாதிரி உப்பிக்கொண்டது.

எனக்கு நீந்துவதைவிட மிதப்பதுதான் பிடிக்கும். முழங்கால் வலிக்கு நல்லது என்று முப்பத்தைந்து வயதில் வந்து கற்றுக்கொண்டது. மல்லாந்து படுத்தால் போதும். காது இரண்டும் தண்ணீருக்குள். படியேறும் மூச்சிரைப்பு, ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஆளின் பெருமூச்சு, துணிக்கடைப் பெண்ணின் உதட்டுப் பிதுக்கல் எதுவும் அங்கே வராது. 117 கிலோவையும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

இன்று படுத்தேன். முதலில் கால் இறங்கியது. அப்புறம் இடுப்பு. அப்புறம் மூக்கில் தண்ணீர். ஐந்து முறை. கொழுப்புதான் இத்தனை நாள் தாங்கியிருக்கிறது. எட்டே நிமிடத்தில் குளிரில் பல் கிட்டியது. ஏறிவிட்டேன்.

அழுகை வரும் என்று உடை மாற்றும் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஹேர் கிளிப் ஒன்று தொலைந்துபோயிற்று.

இவர் எப்படி இருந்தது என்று கேட்டார். நல்லா இருந்துச்சு என்றேன்.

ஏப்ரல் 8, புதன்

மூட்டம். மழை இல்லை. சீப்பில் ஒரு கைப்பிடி முடி.

கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைத்தேன். பன்னிரண்டு நிமிடம். பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"ரெக்கார்டு நோட்டு முடிச்சிட்டியா?"
"காலங்காத்தால அத ஏன்டி கேக்கற."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பு நானும் நூர்ஜஹானும் இறங்கினால் குளமே பார்க்கும். நூரு சத்தமாகவே சொல்வாள், "நல்லா பாத்துக்கோங்க, ரெண்டு கப்பல் எறங்குது." அந்த நேரத்தில் வருபவர்களில் குண்டுப் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆழமில்லாத மூலையில் பக்கத்தில் பக்கத்தில் மிதப்போம். வேறு எங்கும் சந்தித்ததில்லை என்று சொல்லலாம். அவள் வீட்டுக்கு இரண்டு தரம், அவ்வளவுதான்.

அவள் வருகிறாளா என்று செல்வியக்காவிடம் கேட்டேன். டிசம்பரோடு நின்றுவிட்டாளாம்.

"தெனம் ஒன்னியதான் கேக்கும். அப்பால அதுவும் வர்ல."

இதை எழுதியே ஆக வேண்டும். நூருவிடம் பொய் சொன்னேன். பித்தப்பையில் கல், ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் மதுரையில் அம்மா வீட்டில் இருப்பேன் என்று. உண்மையைச் சொன்னால் வேண்டாம் என்பாள். அவள் சொன்னால் நானும் நிறுத்திவிடுவேன். அப்போது சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. கீழே உட்கார்ந்தால் எழ முடியாது.

ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு முறை கூப்பிட்டாள். போன் அதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் இவர் என் பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார். 'என் மனைவியின் வெற்றி.' நூருவின் கணவர் கடையில்தான் மெத்தை வாங்கினோம், அவர் எண் இவரிடம் உண்டு. அதோடு நூருவின் அழைப்பு நின்றது.

ஏப்ரல் 11, சனி

குளத்துக்குப் போகவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. விழித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

புது நீச்சல் உடை கூரியரில் வந்தது. அளவு எம். கட்டிலில் விரித்துவைத்துப் பார்த்தேன். யாரோ மறந்துவிட்டுப் போனது போல இருந்தது. இவர் சந்தோஷமாக, போட்டுக் காட்டு என்றார். போட்டுக் காட்டினேன். வயிற்றுத் தோலின் மடிப்பு வெளியே தெரியவில்லை. நல்லது.

மாங்காடு கோயிலுக்குப் போகலாமா என்றார். வேண்டுதல் பாக்கியாம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

மதியம்: ஒரு முட்டை, அரை தோசை. அரை மணி நேரம் ஆனது.

ஏப்ரல் 12, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளந்தது. பூந்தமல்லி போனேன். போன் செய்யவில்லை. செய்தால் போகாமல் இருந்துவிடுவேன்.

கதவைத் திறந்தது நூருவின் மாமியார். யார் வேண்டும் என்றார். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த நூரு ஒரே பார்வையில் கண்டுகொண்டாள். உள்ளே வரச் சொன்னாள், மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள், தண்ணீர் கொடுத்தாள். பத்து நிமிடம் பிள்ளைகளின் படிப்பு, மதுரவாயல் டிராஃபிக் என்று பேச்சு. மாமியார் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"கல்லுன்னு சொன்ன. நான் ஒவ்வொரு தொழுகைலயும் அந்தக் கல்லுக்காவ துவா கேட்டுகினு இருந்தேன்."

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆப்பரேஷன் பண்ணிக்கினதுக்குக் கோவம் இல்லடி. ஒன் ஒடம்பு, ஒன் இஷ்டம். அந்தக் கொளத்துல நாம ரெண்டு பேருதான அப்டி இருந்தோம். சொல்லாம கொள்ளாம எழுந்து போய்ட்ட. நான் மட்டும் அங்க இன்னா பண்றது?"

மன்னித்துக்கொள் என்றேன். வாய்தான் சொன்னது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். என் முகத்தையே பார்த்தாள். அழக்கூட மாட்டேங்கறியே என்றாள், திட்டுவது போல இல்லை.

பிரியாணி வைத்தாள். நான்கு கவளத்தில் நெஞ்சு அடைத்தது. இன்னும் போடட்டுமா, வேண்டாமா என்று ஒரு பேச்சும் இல்லாமல் என் தட்டை இழுத்து, மிச்சத்தை அவளே சாப்பிட்டாள்.

கிளம்பும்போது, புதன்கிழமை குளத்தில் இருப்பேன் என்றேன். பார்க்கலாம் என்றாள்.

ஏப்ரல் 13, திங்கள்

குளத்துக்குப் போகவில்லை. காலை ஆறரைக்கே அலுவலகக் கூட்டம், வீட்டிலிருந்தே. கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு கேட்டேன். துணி துவைத்தேன். மோட்டார் ரிப்பேர், அசோசியேஷன் குரூப்பில் சண்டை.

ஏப்ரல் 15, புதன்

வந்தாள்.

செல்வியக்கா நோட்டை நீட்டிக்கொண்டே, "வந்துட்டியா, வா வா" என்றார். நூருவின் முழுநீளக் கறுப்பு உடை, அதே மஞ்சள் தொப்பி. படியில் உட்கார்ந்து காலை நனைத்தாள். இறங்கினாள். மல்லாந்தாள். அப்படியே நின்றது உடம்பு, தண்ணீரின் மேல், ஒரு அசைவு இல்லாமல்.

நான் படுத்தேன். கால் இறங்கியது. அவள் எழுந்து நின்று சிரித்தாள். எனக்கு அது பிடித்திருந்தது என்று எழுதலாமா? பிடித்திருக்க வேண்டும்.

என் முதுகின் கீழே கையை வைத்துத் தாங்கினாள். நெஞ்சில் காற்றைப் பிடி, கையைத் தலைக்கு மேலே நீட்டு, காலை மெதுவாக ஆட்டிக்கொண்டே இரு என்றாள். ஒரு நிமிடம் போல நின்றேன். கையை எடுத்ததும் போயிற்று. உடம்பெல்லாம் எலும்பு என்றாள்.

கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கும்போது, ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவளுடைய டாக்டரும் ஆபரேஷன் சொல்லியிருக்கிறாராம். சர்க்கரைக்காக.

எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை மாத்திரை நின்றது. முழங்கால் வலி இல்லை. மூன்று மாடி ஏறலாம். முடி கொட்டும், குளிரும், பசி என்பதே இல்லை, கல்யாணச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் எல்லோரும் இலையைப் பார்ப்பார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ சந்தோசமா கீறியா?"

"தெரியல நூரு. சந்தோஷமும் இல்ல, துக்கமும் இல்ல. டிவிய சத்தமில்லாம பாக்கற மாதிரி இருக்கு."

"எத்தினி நாளா?"

"ஆபரேஷன் ஆனதுலேர்ந்து."

"டாக்டராண்ட சொன்னியா?"

இல்லை. எடை கேட்பார், எடையைச் சொல்வேன். வேறு யாரும் கேட்டதில்லை.

அவள் என் ஈரத் துண்டை வாங்கிப் பிழிந்து திருப்பிப் போர்த்தினாள். மொதல்ல அதச் சொல்லு என்றாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

டாக்டரிடம் சொன்னேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எடை நல்லா இறங்கியிருக்கே என்று தொடங்கிய டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். தூக்கம், முடி, பேச்சு, வேலை எல்லாம். சிலருக்கு இப்படி ஆவது உண்டாம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கச் சீட்டு. திங்கள் மாலை 5.

திரும்பும்போது இவர்தான் காரை ஓட்டினார். வானகரம் சிக்னலில் நின்றபோது, "நான் உன்ன ஒரு தடவகூட கேக்கலல்ல" என்றார். கேக்கல என்றேன். பச்சை விழுந்த பிறகும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்.

ஏப்ரல் 18, சனி

வெயில் சீக்கிரமே. 77.9.

மிதக்க முயலவில்லை. குப்புறப் படுத்து நீந்தினேன். கை லேசாகத்தான் வருகிறது. ஒரு முழு நீளம், நிற்காமல். முன்பு பாதியில் மூச்சு வாங்கும். திரும்பி இன்னொரு நீளம். அப்புறம் இன்னொன்று.

நூரு வரவில்லை. 6.50. 7.

சுவரைத் தொட்டுத் திரும்பும்போதெல்லாம் கேட் பக்கம் பார்த்திருக்கிறேன் என்பது ஏழாவது முறைதான் புரிந்தது. இனி வரவே மாட்டாளோ என்று நினைத்ததும் அடுத்த நீளத்துக்குத் திரும்பவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம். சந்தேகமே இல்லை, பயம்தான்.

7.10க்கு ஓடிவந்தாள். ஆட்டோ கிடைக்கவில்லையாம். ஆபரேஷன் பற்றி வீட்டில் பேசினாளாம். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாம்.

"நீ நல்லா ஆவு. அப்பால ஒன்னியக் கேட்டுதான் பண்ணுவேன்."

தொப்பியை மாட்டிக்கொண்டு படியில் இறங்காமல் கரையிலிருந்தே குதித்தாள். செல்வியக்கா கத்தினார். அலை வந்து என் முகத்தில் அடித்தது. ஒரு வாய் தண்ணீரைக் குடித்துவிட்டேன்.