கொடுவாக் குஞ்சின் வாய்

வியாழன், இரவு.

எங்கள் பொரிப்பகத்தில் கொடுவா மீன் குஞ்சுகள் இரண்டு முறையும் நான்காம் நாளே செத்துப்போயின. தொட்டி நிறைய ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் இரை இருந்தும் பட்டினிச் சாவு. இரை குஞ்சின் வாயைவிடப் பெரியது என்று தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. இந்த முறை சன்ன வலையில் சலித்து, பொடிசான இரையை மட்டும் விட்டேன். இன்று ஐந்தாம் நாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், வயிறெல்லாம் நிறைந்திருக்கிறது. ஜெயித்துவிட்டேன்!

"அத்தினியும் உசுரோட கீது சார்!" தொட்டி பார்க்கும் பழவேற்காட்டு பஷீர் பாய் கத்தினார். "மீன் வாய அளந்து ஊட்னீங்கோ. உங்க வாய்க்கு இன்னா போட்டீங்கோ?"

என் மனைவி ரேவதி இறந்த இந்த மூன்று மாதமாக நாக்குக்கு எந்த ருசியும் தெரிந்ததில்லை. பாய் நீட்டிய இறால் தொக்கு சுரீரென்று உறைத்தது.

"இன்னும் வைங்க பாய்" என்றேன்.