ரோஜாவுக்கு இல்லாத கட்டம்

செவ்வாய், இரவு.

முதிய திருநங்கைகளின் நோய்க்காலம் பற்றி, பெரம்பலூரில் அவர்களும் டாக்டர்களும் சேர்ந்து நடத்தும் ஆய்வுக்குச் செல்போன் படிவம் செய்துகொடுத்தவன் நான். இன்று அதற்குப் பதில் சொல்ல ஜெயங்கொண்டம் செல்வியம்மா வந்தார். புற்றுநோய் முற்றிவிட்டது. திருநங்கைகள் முறைப்படி அவர் மகளாக எடுத்துக்கொண்ட ரோஜாவை, "ரத்த சொந்தம் யாராச்சும் வரட்டும்" என்று ஆஸ்பத்திரியில் வெளியே நிறுத்திவிட்டார்களாம். எனக்குக் கொதித்தது. என் மாலதி சாகும்போது, கணவன் என்று ஒரு வார்த்தை சொன்னேன். கடைசிவரை கையைப் பிடித்திருக்க விட்டார்கள்.

கூட வந்திருந்த ரோஜா என் படிவத்தைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன இன்ஜினியர் சார், உறவுன்னு போட்டு கணவன், மனைவி, பெத்த புள்ளதான வச்சிருக்கீங்க? நான் எங்க போயி ஒக்கார்றது?"

பட்டியலை அழித்தேன். செல்வியம்மாவிடம், கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கணும் என்று மட்டும் கேட்டேன்.

"எம் மவதான்யா. இதையும் ஒரு கேள்வின்னு கேக்குறியே!"

ஆஸ்பத்திரிப் படிவத்தில் இருக்கும் பட்டியலை என்னால் அழிக்க முடியாது.