நாலு வரி வெங்காயம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி மூவரும் சுகம். என் இடது முட்டி மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி நான் சொல்வதைக் கேட்பதில்லை, மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் உடம்பும் மனசும் தெளிவாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தேடினான் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்வாள், நான் எழுதப்போகும் விஷயம் ஸ்பீக்கருக்கு ஆகாது. பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான், பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதே, போன தடவை நீ அனுப்பியதை உன் தம்பி இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான், வருகிறவர்கள் எல்லாம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் படித்துவிட்டுப் போகிறார்கள்.

வீட்டில் இப்போது பெரிய பேச்சு உன் வயிற்றைப் பற்றித்தான். பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று தெரிய வேண்டும் என்று அம்மா கேட்டாள், அதற்காக நீ வாராவாரம் கடை பில்லைப் படம் எடுத்து அனுப்புகிறாய், அவளும் கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி உட்கார்ந்து படிக்கிறாள். மூன்று வாரமாக அவள் முகமே சரியில்லை. ரொட்டி ஒன்று, முட்டை பன்னிரண்டு, பால் இரண்டு, அதற்குக் கீழே வெங்காயம், வெங்காயம், வெங்காயம், மறுபடியும் வெங்காயம். நாலு வரி. கூட்டினால் நாலரைக் கிலோ. வாரம் நாலரைக் கிலோ வெங்காயம் சாப்பிட்டால் வயிறு என்ன ஆகும் என்று பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள், அவர் எத்தனை பேருக்கு என்று கேட்டாராம். ஒற்றை ஆளுக்கு என்றதும் நர்ஸம்மா, பிள்ளை அங்கே ஹோட்டல் ஏதும் வைத்திருக்கிறாளா என்றாராம். உன் தம்பி, அக்கா லீவுக்கு வரும்போது தனக்குத் தனி அறை வேண்டும், அதில் இரண்டு ஜன்னல் வேண்டும் என்று இப்போதே மனுப் போட்டுவிட்டான். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே போனை வாங்கிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இருபத்தாறு வருஷமாகத் தராசு ரிப்பேர் பார்க்கிறேன், எடை அச்சடித்த சீட்டை மற்றவர்கள் படிக்கிற மாதிரி எனக்குப் படிக்க வராது. வெங்காயம் வாங்குகிறவள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரே தடவைதான் நிறுப்பாள். நாலு தடவை நிறுத்திருந்தால் அது நாலு சாமான். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, உனக்குப் பின்னால் மேஜையில் திராட்சைக் கொத்தும் ஆப்பிளும் இருந்தன, அம்மாகூடப் பார்த்துப் பூரித்துப் போனாள். ஒன்பது வாரப் பில்லையும் தோண்டி எடுத்துப் பார்த்தேன், மருந்துக்கு ஒரு பழம் இல்லை. ஆரம்பத்தில் வெங்காயம் ஒரு வரி, அப்புறம் இரண்டு, இப்போது நாலு. அம்மாடி, வாங்குகிறவர்களே நிறுத்துப் பில் போட்டுக்கொள்கிற அந்த ஆளில்லாத கவுன்ட்டரில், தட்டில் திராட்சையை வைத்துவிட்டுத் திரையில் வெங்காயப் படத்தைத் தொடுகிறாய். கடையில் அதுதான் எல்லாவற்றிலும் மலிவு. நான் நினைப்பது தப்பென்றால் கிழவனுக்கு மூளை கழன்றுவிட்டது என்று எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த வித்தையை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்தால் சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து நிற்கிறது. நீ கிளம்புகிறதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில், பதினெட்டு வயசில் பழக்கடையில் வேலை பார்த்தபோது தராசுத் தட்டில் சுண்டுவிரலை வைத்து நான் எடை கூட்டின கதையைக் கரண்டியும் தட்டுமாக நடித்துக் காட்டினேன், நீ சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. அந்தக் கூத்து முடிந்த கையோடு சிக்கனத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் வேறு. பசியோடு கடைக்குப் போகாதே, கண் மட்டத்துத் தட்டில் இருப்பதைத் தொடாதே, குனிந்து பார், விலை கீழேதான் இருக்கும், கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போனால் ரொட்டி பாதி விலை. இதெல்லாம் சரிதான், இப்போதும் சொல்வேன். கடைசியில் ஒன்று சொன்னேன் பார், மாசக் கடைசியில் என்னிடம் கேட்காமல் சமாளிக்கிறவள்தான் என் மகள் என்று. என்னமோ பெரிய மேடையில் பேசிவிட்ட மாதிரி அப்போது எனக்கே என்னைப் பிடித்துப்போயிருந்தது. நீ சமாளித்துவிட்டாய்.

இதைப் போனிலேயே ஜாடைமாடையாகச் சொல்லி முடித்திருப்பேன். செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் உட்கார்ந்து எழுத வைத்தது. நான் பார்க்கிற பெரிய கடையில் இறைச்சிப் பிரிவுத் தராசுக்குத் தட்டு மாற்றப் போயிருந்தேன். பின்னறையில் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், உன் வயசு, பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு. மேஜையில் ஒரு பை திராட்சை, அதன் மேல் வெங்காயம் என்று சீட்டு, பக்கத்தில் அவள் காலேஜ் அட்டை. மேனேஜர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் காலேஜுக்குச் சொல்லுவேன், அப்புறம் போலீஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின்தான் தப்பாகக் காட்டியது என்று அவள் சாதிக்கிறாளாம். என்னைப் பார்த்ததும், வாங்க, நீங்களே சொல்லுங்க, உங்க மெஷின் தப்புப் பண்ணுமா என்றார்.

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருபத்தாறு வருஷமாகக் காத்திருந்தவன் நான். நெஞ்சை நிமிர்த்திப் பண்ணாது என்று சொல்ல வேண்டிய இடம். வாயைத் திறந்தால், "பண்ணும் சார், திரை நழுவியிருக்கும், திராட்சையைத் தொட்டா வெங்காயம் விழும்" என்று வந்துவிட்டது. அவர் விடுகிற ஆளா, எழுந்து போய் அஞ்சு தடவை தொட்டுப் பார்த்தார், அஞ்சு தடவையும் திராட்சை. அந்த மெஷினை அப்படியே எட்டி உதைக்கலாம் போலிருந்தது. சூடேறினால்தான் நழுவும் என்று இன்னொன்று அவிழ்த்துவிட்டேன். அவர் என்னையே பார்த்தார்.

"போன மாசம்தானே நீங்க சர்வீஸ் பண்ணிட்டுப் போனீங்க?"

"ஆமா சார். நான்தான் சரியாப் பாக்கலை."

போனைக் கீழே வைத்தார், அட்டையை அந்தப் பெண் பக்கம் தள்ளினார். அவள் போன பிறகு, அடுத்த மாசத்திலிருந்து வேறு கம்பெனி வரும், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றார். அந்தக் கடையின் பதினாலு தராசும் ஒரே வாயில் போச்சு. அம்மாவிடம் கடையில் புது மெஷின் போடுகிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதுகூடப் போகட்டும். வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். சரி, ஒரு நன்றி சொல்லப்போகிறாள் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். "நான் திராட்சையைத்தான் அங்கிள் தொட்டேன், அதுவா வெங்காயம்னு காட்டிச்சு" என்றாள். யாரிடம் சொல்கிறாள் பார், அந்தப் பொய்யை ஜோடித்தவனிடமே. நான் எதுவும் கேட்கவில்லை, அங்கே மேனேஜரும் இல்லை, போலீஸும் இல்லை, அப்படியும் அவளுக்கு அது தேவைப்பட்டது. நீ மாட்டிக்கொள்வாயோ என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, மாட்டாமலே போய், நாலு மாசம் கழித்து என்னிடமே வெங்காயம்தான் என்று நீ சாதிப்பாயோ என்று புதுப் பயம் பிடித்துக்கொண்டது. உன் கடையில் திரை நழுவும் சார் என்று சொல்ல என்னைப் போல ஒரு மடையன் இருப்பான் என்றும் சொல்வதற்கில்லை.

மேனேஜரிடம் போய் ஒப்புக்கொள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, பழக்கடையில் நான் போய் ஒப்புக்கொண்டவன் இல்லை. என் அறிவுக்கு எட்டினது இதுதான். ஒன்பது வாரப் பில்லில் நிஜ வெங்காயத்தைக் கழித்துவிட்டால் பதினாலு கிலோ வருகிறது. இந்த வாரத்திலிருந்து தட்டில் ஒரு கிலோ வெங்காயத்தை வை, திரையில் திராட்சையைத் தொடு. பதினாலு வாரத்தில் கடைக்கணக்கு நேராகிவிடும். நீ எடுத்த ஆப்பிளுக்கும் திராட்சை விலையே கட்டுகிறாய், அதை வட்டி என்று வைத்துக்கொள். யாராவது பார்த்து இந்தப் பெண்ணுக்குப் பைத்தியமா என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடு, எப்படியும் நம்ப மாட்டார்கள். அதற்கு ஆகிற காசும், பழத்தைப் பழமாகவே வாங்கித் தின்ன ஆகிற காசும் மாசாமாசம் தனியாக அனுப்புகிறேன். எங்கிருந்து என்று கேட்காதே, சனிக்கிழமைகளில் மீன் மார்க்கெட் தராசுகளை ஒத்துக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்குள் நுழைந்தால் உன் தம்பி சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்கிறான்.

உன் தட்டில் எப்போதும் சாப்பாடு இருக்கட்டும், எடுத்த படிப்பு நல்லபடியாக முடியட்டும், நீ நன்றாக இரு. ஒன்றே ஒன்று மறக்காதே, காசு போதவில்லை என்றால் போதலை என்று ஒரு வார்த்தை அனுப்பு, காரணம் எழுத வேண்டாம், கூட நாலு வார்த்தை என்னைத் திட்டியும் எழுதலாம். அம்மாவிடம் இரண்டு பொய் பாக்கி இருக்கிறது, ஒன்று என்னுடைய புது மெஷின், ஒன்று உன்னுடைய வெங்காயம். உன்னுடையதை நான் சொல்ல மாட்டேன். நீ முதல் கிலோவை நிறுத்து அந்தப் பில்லை அனுப்புகிற அன்றைக்கு, பிள்ளை திராட்சை வாங்கியிருக்கிறாள் என்று அவள் சந்தோஷமாக எழுந்து வருவாள், அந்தச் சூட்டிலேயே என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உன் முறை.

இப்படிக்கு,
தன் வேலையே தனக்குத் தெரியாது என்று பெயரெடுத்துவிட்ட,
உன் அப்பா