தலைவடம் குறித்துத் தேன்வரைக்கு விடுத்த ஓலை

மழை வழுவாது பொழிக. வயல் ஒழியாது விளைக. வழிச்செல்வோர் எல்லாரும் நலமே சென்று சேர்க.

ஆம்பல் பூக்கும் ஏரிகளும் அவற்றைக் காக்கும் கரைகளும் உடைய மருதவேலி நாட்டின் பட்டத்தரசியும், கோ வயநாகர் வடவெல்லைப் பாசறையில் இருக்கும் இந்நாளில் அவர்தம் செங்கோலைத் தம் கையில் தாங்கியிருப்பவரும் ஆகிய மாதேவி அல்லியங்கோதையார், தேனும் திப்பிலியும் குறையாத தேன்வரை நாட்டின் கோமானும், வேழம் பழக்குவதில் நிகரற்றவரும், தமக்குப் பின் பிறந்த தம்பியும், தம் மக்களுக்குத் தாய்மாமனும் ஆகிய வேள் கொன்றையார் திருமுன் விடுக்கும் ஓலை. தேன்வரையின் மலைகளுக்கும் சுனைகளுக்கும், அங்குள்ள குடிகளுக்கும் கன்றுகாலிகளுக்கும், கோமாட்டியார்க்கும் மக்கட்கும் எல்லா நலமும் உண்டாகுக.

மௌவல் அங்கே வந்து சேர்ந்தாளா?

இவ்வினா இந்த இடத்தில் வருவது ஓலை மரபன்று என்பதை எழுதுவோனாகிய ஓலைநாயகன் ஆற்றூர் கிழான் தத்தன் அறியாதவன் அல்லன். இதனையே முதல் வரியாகப் பொறிக்க வேண்டும் என்பதே அரசியார் இட்ட கட்டளை. பட்டப்பெயரும் வாழ்த்தும் இல்லாத ஓலையைத் தேன்வரை வாயிற்காவலர் உள்ளே விடமாட்டார்கள், அது வாயிலிலேயே கிடக்கும் என்று அவன் பணிந்து சொன்ன பிறகே அரசியார் இசைந்தார். இசைந்தவர் இருக்கையில் அமர்ந்தாரில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மலைகள் முடிந்தனவா, சுனைகள் முடிந்தனவா, கன்றுகாலிகளை இப்போது யார் கேட்டார் என்று வினவிக்கொண்டே இருந்தார். வாழ்த்துப் பகுதியில் எழுத்து சற்று நடுங்கியிருப்பின் அதற்குக் காரணம் இதுவே.

நடந்தது என்னவென்றால், முந்தாநாள் விடியலில் அரசியார் பூசையில் இருந்த வேளையில், அவர்தம் மூத்த மகளாகிய இளவரசியார் மௌவல், தோழி ஒருத்தியையும் முதிய காவலன் ஒருவனையும் துணைகொண்டு, வில்வண்டி ஏறிக் கோட்டையை விட்டுப் போய்விட்டார். மாமன் வீட்டுக்குப் போவதாகவும், அது அன்னையார் அறிந்ததே எனவும் வாயிலில் சொல்லியிருக்கிறார். பதினைந்து வயதுப் பெண் நிமிர்ந்து நின்று சொன்னால் வாயிற்காவலன் நம்பாமல் என்ன செய்வான்? செய்தி அறிந்தபோது அரசியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்தொடர்ந்த குதிரைவீரர் திரும்பி வந்து, வண்டி ஆற்றைக் கடந்து மலைப்பாதையில் ஏறிற்று என்றும், அதற்குமேல் மழையில் பாதை சரிந்து கிடப்பதால் குதிரை ஏறவில்லை என்றும் கூறினர். பாதை சரிந்தது வண்டி போன பிறகா, போகும்போதா என்று அரசியார் கேட்டார். அன்று தொட்டு அரசியார் வாயில் சோறு இறங்கவில்லை.

இனி இதன் காரணம். அது கூடல்நாள் பற்றியது. கூடல்நாளைத் தேன்வரைக் கோமான் அறியாதவர் அல்லர். எனினும் அரசவை ஓலையில் காரணமும் முறையும் பொறிக்கப்படுதல் வேண்டும் என்பதால் பொறிக்கப்படுகின்றன. தை முழுமதி நாளில் மருதவேலி, தேன்வரை ஆகிய இரு வீட்டாரும் ஆம்பல் ஏரியில் கூடுவர். அரசரும் அரசியும் சிறிய படகு ஒன்றில் ஏறி அமர, இரு வீட்டுப் பிள்ளைகளும் கரையில் வடம் பிடித்து நடந்து, அப்படகை ஏரியின் மறுகோடியில் உள்ள மண்டபம் வரை இழுத்துச் செல்வர். படகில் துடுப்பு வைக்கப்படுவதில்லை. ஏவலர் யாரும் வடத்தில் கை வைப்பதில்லை. ஆண்டு முழுதும் பெரியோர் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும் பிள்ளைகள், அன்று ஒரு நாள் பெரியோரை இழுத்துச் செல்வர் என்பதே அவ்விழாவின் பொருள். பிள்ளைகளில் மூத்தவர் வடத்தின் தலைப்பைத் தோளில் இட்டு முன்னே நடப்பார். அதுவே தலைவடம். ஏழு வயதில் பிடித்த தலைவடத்தை இளவரசியார் மௌவல் வேறொருவர் கையில் கொடுத்ததில்லை. காய்ச்சலோடு இழுத்த ஆண்டும் உண்டு.

கடந்த இரண்டு ஆண்டுகளாக அரசர் எல்லையில் இருந்தமையால் படகு கரையிலேயே கிடந்தது. இவ்வாண்டு பகைவரோடு சிறு உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது. கூடல்நாளுக்கு வந்து, மறுநாளே பாசறைக்குத் திரும்புவதாக அரசர் செய்தி விடுத்திருக்கிறார். பிள்ளைகள் இழுக்கும் படகில் ஒருமுறை அமர்ந்துவிட்டால் போதும், பிறகு எல்லையில் எத்தனை காலம் கிடந்தாலும் தாங்கிக்கொள்வேன் என்பது அச்செய்தியில் இருந்த சொல். அரசியாரை ஆட்டிப் படைப்பது அந்தச் சொல்தான்.

அன்று தொடங்கி அரண்மனையில் யாருக்கும் ஓய்வில்லை. பந்தல் எங்கே, பாய் எத்தனை, அதிரசத்துக்கு வெல்லம் எந்த ஊர் வெல்லம், சிறு பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் பகலிலா மாலையிலா, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, வராவிட்டால் வெயிலுக்கு என்ன செய்வது என்று அரசியார் தாமே நின்று ஏற்பாடு செய்தார். இளவரசர் எழினியார், வயது ஆறு, தம் கிளியும் வடம் பிடிக்க வேண்டும் என்று தலைகீழாக நின்றார். அதற்கும் வழி காணப்பட்டது. அரசர் விட்டுச் சென்றபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே அவர் காண வேண்டும் என்பது அரசியாரின் ஆவல். அதனால் இளவரசியார் சிறுமியாய் இருந்தபோது ஆடிய மரக்குதிரையைத் தேடி எடுத்து, புதிதாக வண்ணம் பூசி, அவர் பெயரையும் நெற்றியில் எழுதி, மண்டபத்தில் வைக்கச் சொன்னார். அதே வேளையில் அரண்மனைப் பெருமாட்டியர் சிலர், பூப்பெய்திய பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடந்தால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்களே என்று காதைக் கடித்தனர். அரசியார் அஞ்சிவிட்டார். தலைவடத்தைத் தேன்வரைக் கோமானின் மூத்த மகன் நள்ளியார்க்கு அளிப்பது என்றும், இளவரசியார் படகில் விதானத்தின்கீழ் அன்னையார் பக்கத்தில் அமர்வது என்றும் முடிவாயிற்று. வெல்லம் எந்த ஊருடையது என்று நூறு பேரிடம் கேட்ட அரசியார், இதனை இளவரசியாரிடம் மட்டும் கேட்கவில்லை.

படகு இருக்கைக்கு மெத்தை தைப்பவள் அளவு பார்க்க வந்தபோதே இளவரசியார் அதனை அறிந்தார். அப்போது அவர் சொன்னதைச் சொன்னபடியே பொறிக்க வேண்டும் என்பது அரசியாரின் ஆணை; ஆகவே எழுதுவோன் திருத்தாது பொறிக்கிறான். “மரக்குதிர ஏற நான் சின்னப் புள்ளையா, படகுல குந்த நான் கெழவியா? ரெண்டுல எதுன்னு அம்மாவே சொல்லட்டும். ரெண்டும் இல்லேன்னா நான் வரலே” என்றாராம். மெத்தைக்காரி இதைச் சொல்ல, அரசியார்க்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஊரே விழாவுக்கு ஓடியாடும்போது இவளுக்கு மட்டும் என்ன வீம்பு என்று கடிந்தார். அச்சொல் இளவரசியார் காதில் விழுந்தது. மறுநாள் விடியலில் வண்டி புறப்பட்டது.

ஆகவே தேன்வரைக் கோமான் இவ்வோலை கண்டவுடன், இளவரசியார் ஆங்கு வந்து சேர்ந்திருப்பின், அவரைத் தக்க காவலுடன் பல்லக்கில் ஏற்றி, மறுத்தாலும் கேளாது, கூடல்நாளுக்கு முன்னரே ஏரிக்கரையில் கொண்டுவந்து சேர்ப்பாராக; படகில் தமக்கென்று அமைத்த இருக்கையில் அமர்தல் இளவரசியாரின் கடன் என்று எடுத்துரைப்பாராக. இஃது அரச ஆணை. இதனை மீறுதல்

மேலுள்ள வரி முற்றுப்பெறாமல் நிற்பதைக் கண்டு தேன்வரை அவையோர் ஐயுற வேண்டா. அச்சொல்லைப் பொறிக்கும் வேளையில் தேன்வரையிலிருந்து ஆண்டுதோறும் தேன்குடம் சுமந்து வரும் மலையாள் ஒருவன், காட்டு ஒற்றையடிப் பாதை வழியே இறங்கி வந்து, கூடத்தில் குடத்தை இறக்கினான். அரசியார் அரியணை முறைமை எதையும் பாராமல் ஓடிச் சென்று அவன் முன் நின்றார். அவன் சொன்னதும் சொன்னபடியே பொறிக்கப்படுகிறது. “புள்ளைக்கு ஒண்ணுமில்ல தாயே. வண்டி வந்த பொறவுதான் பாதை சரிஞ்சுது. மாமன் ஊட்டுல ஒக்காந்து தேனும் தெனமாவும் தின்னுக்கிட்டிருக்கு.”

அரசியார்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. தூணைப் பற்றிக்கொண்டு நின்றார்; அழுதார்; பின்பு, பிள்ளை வந்து சேர்ந்த செய்தியை ஓர் ஆள்மூலம் சொல்லி அனுப்பத் தோன்றாத தம்பியைப் பற்றிச் சில சொற்கள் சொன்னார். அவற்றைப் பொறிக்கும்படி ஆணை இல்லை. ஆணை இருந்திருந்தாலும் ஓலையில் இடம் போதாது.

தேன்காரன் போகிற போக்கில் இன்னும் ஒன்று சொன்னான். அவன் மலையிறங்கப் புறப்பட்டபோது இளவரசியார் வாயில் வரை ஓடிவந்து, ஏரியில் நீர் எம்மட்டில் நிற்கிறது, கரை காய்ந்து கிடக்கிறதா சேறாகக் கிடக்கிறதா, வடத்தை எடுத்து யாராவது வெயிலில் போட்டார்களா என்று கேட்டாராம். “நான் மலையில கெடக்குறவன், ஏரிக்கரை சங்கதி எனக்கென்னம்மா தெரியும்னு சொல்லிட்டேன். அதுக்கு மொகமே வாடிப்போச்சு” என்றான்.

அரசியார் நேரே படகுக்கொட்டிலுக்குச் சென்றார். எழுதுவோனும் எழுத்தாணியோடு பின்னால் சென்றான். படகு புது விதானத்தோடு பளபளத்தது. மெத்தை தைத்து வைத்திருந்தது. மூலையில் வடம் கிடந்தது. இரண்டு மழைக்காலம் ஈரத்தில் கிடந்து, பூஞ்சை பிடித்து, அரசியார் கை வைத்த இடத்தில் புரி பிரிந்து வந்தது. விழாவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாயிற்று. படகை இழுக்கும் வடத்தை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. விழா நடந்த ஆண்டுகளில் அதை வெயிலில் போட்டு, புரி பார்த்து, இலுப்பெண்ணெய் தடவி வைத்தவர் யார் என்று அரசியார் கொட்டில் காவலனை வினவினார். சின்னம்மா மௌவல்தான் செய்வார்கள், யாரும் சொல்லிச் செய்ததில்லை என்று அவன் விடை கூறினான். அரசியார் அந்த வடத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க நேரமாயிற்று.

முன் பொறித்த ஆணையை நீக்குக என்று அரசியார் பணித்தார். ஓலையில் கீறிய எழுத்தை அழிக்க இயலாது, வேறு ஓலையில் முதலிலிருந்து எழுதலாம் என்று எழுதுவோன் விண்ணப்பித்தான். வேண்டா, தாம் முதலில் என்ன எழுதச் சொன்னார் என்பதும் மகளுக்குத் தெரியட்டும், அதன் கீழேயே மற்றதை எழுதுக என்றார். ஆகவே தேன்வரைக் கோமான் மேலுள்ள ஆணையை ஆணையாகக் கொள்ளாது, கீழுள்ளதையே கொள்வாராக.

இளவரசியாரைப் பல்லக்கில் ஏற்ற வேண்டா. வருக என்று வற்புறுத்தவும் வேண்டா. இவ்வோலையைப் பிறர் படித்துச் சொல்லாமல் இளவரசியார் கையிலேயே கொடுப்பாராக. விழாவில் எது இருக்க வேண்டும், எது வேண்டா, மரக்குதிரையை எடுத்துவிடுவதா, தம்பி எழினியார்க்குக் கொடுப்பதா, பெருமாட்டியர்க்கு என்ன மறுமொழி சொல்வது என்று இளவரசியார் சொல்வன எல்லாம் நடைபெறும். மருமகன் நள்ளியார் வருந்த வேண்டா. அத்தை கொடுத்த சொல்லை அத்தையே திரும்பப் பெறுகிறார் என்று அவரிடம் நயமாகச் சொல்வாராக. அரசியார் அழுதார் என்பதைச் சொல்ல வேண்டா என்று ஆணை. ஆயின் ஓலையை இளவரசியாரே படிக்கப்போகிறார் என்பதை எழுதுவோன் நினைவூட்ட, அரசியார் சற்று எண்ணி, சரி, இருக்கட்டும் என்றார்.

தேன்காரனோடு இரண்டு ஆட்கள் காட்டுப்பாதையில் வருகின்றனர். அவர்கள் தோளில் வருவது அந்தப் பழைய வடம். புதிய வடம் திரிக்க ஆட்கள் இருந்தும் திரிக்கச் சொல்லவில்லை. அதை இளவரசியார் சீர் செய்து கொண்டுவரலாம். தலைவடத்தைத் தாமே பிடிக்கலாம். தாம் விரும்பியவர்க்குக் கொடுக்கலாம். பிடிக்க மனமில்லையெனில் மாமன் வீட்டிலேயே போட்டுவைக்கலாம். எதுவாயினும் அன்னையார் கடியமாட்டார். அவள் என்ன முடிவு செய்வாளோ என்று நெஞ்சு படபடக்கிறது என்பதையும் எழுதுக என்றார் அரசியார். எழுதப்பட்டது.

இவ்வோலை ஆம்பற்கோட்டை அரண்மனையில், அரசியார் முன்னிலையில் பொறிக்கப்பெற்று, ஆம்பல் இலச்சினை இடப்பெற்றது. இலச்சினை வேள் கொன்றையார்க்கு உரிய ஆணைக்கு மட்டுமே. இளவரசியார்க்கு ஆணை ஏதும் இல்லை. தேன்வரை வாழ்க, மருதவேலி வாழ்க, இரு வீட்டுப் பிள்ளைகளும் நெடிது வாழ்க.

கூடல்நாளில் வெயில் ஏறும் முன்னரே அரசரும் அரசியும் படகில் ஏறி அமர்ந்திருப்பார்கள். வேறு வடம் கட்டப்படமாட்டாது. மலைப்பாதையைப் பார்த்தபடி இருப்பார்கள்.